ஒரு பட்டை குறைகிறது

“நீ எடுத்தேன்னு நான் சொல்லல வேலாயுதம். ஏழு பட்டை இருந்த ஸ்பிரிங்குல இப்ப ஆறுதான் இருக்கு. மிச்சம் எங்கேன்னுதான் கேக்கறேன்.”

இக்னேஷியஸ் போட்ட சத்தம் பட்டறைக்கு வெளியே நின்ற ரிக்‌ஷாக்காரர்களுக்கும் கேட்டது. மெக்கானிக் வேலாயுதம் கையில் இருந்த கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டே நின்றார்.

இக்னேஷியஸ் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே ஸ்டோரில் கணக்கு எழுதும் கிராணி. ஆணி முதல் விளக்கு வரை எண்ணிப் பார்ப்பதே அவருடைய பிழைப்பு. கார் வாங்கிய அன்றே அடியில் எட்டிப் பார்த்து பின் சக்கர ஸ்பிரிங்கில் அடுக்கியிருக்கும் இரும்புப் பட்டைகளைக்கூட எண்ணி வைத்தவர்.

போன மாதம் அந்தக் கார் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் பின்னால் கடகடவென்று அடித்தது. வேலாயுதத்திடம் விட்டார்.

“ஸ்பிரிங்கைப் பிடிக்கிற இரும்புப் பின்னும் அதைச் சுத்தியிருக்கிற புஷ்ஷும் தேஞ்சு போச்சுங்கய்யா. இந்தத் துவாரத்தைப் பாருங்க, முட்டை மாதிரி நீண்டு கிடக்கு. ஆட்டம் கொடுக்காம என்ன செய்யும்?” என்றார் வேலாயுதம்.

புதுப் பின், புதுப் புஷ் போட்டார். பட்டைகளைப் பிரித்துத் துருவைச் சுரண்டி, கிரீஸ் தடவிப் பூட்டிக் கொடுத்தார். அதன் பிறகு கார் தொட்டில் மாதிரி போனது. கோயில் வாசலில் நின்று வேலாயுதத்தின் கைக்கு மோதிரம் போடலாம் என்று சொன்னவரும் இதே இக்னேஷியஸ்தான்.

எல்லாம் நேற்று வரைக்கும்தான்.

நேற்று கிள்ளானில் ஒரு ஞானஸ்நானம். கூட வேலை செய்யும் லியனார்டையும் அவன் வீட்டாரையும் பின்னால் ஏற்றிக்கொண்டு போனார். எல்லாரும் நல்ல பூசின உடம்பு. பள்ளத்துக்குப் பள்ளம் கார் ‘டொம்’மென்று தரையில் உட்கார்ந்து எழுந்தது.

“நீ கொஞ்சம் குனிஞ்சு ஸ்பிரிங் பட்டையை எண்ணிப் பாரு லியனார்ட். நான் புதுக் கோட்டுப் போட்டிருக்கேன்,” என்றார் இக்னேஷியஸ், காரை விட்டு இறங்கியதும்.

கோட்டு ஒரு சாக்கு. அவரால் குனிய முடியாது. ஒரு வருஷமாக இடுப்பு வலி. பெண்சாதி உர்சுலாவைத் தவிர யாரிடமும் அவர் சொன்னதில்லை, வெளியில் தெரியவும் கூடாது. ரயில்வேயில் ஆள் குறைக்கிற நேரம். உடம்புக்கு முடியவில்லை என்று காதில் விழுந்தால் போதும், டாக்டரிடம் அனுப்பி, கையோடு ஊருக்குக் கப்பல் டிக்கெட்டும் கொடுத்துவிடுவார்கள். அவர் எழுந்தால் அந்த நாற்காலியில் உட்காரக் காத்திருப்பவனே லியனார்ட்தான்.

அந்த லியனார்டைத்தான் இன்று பட்டறைக்குச் சாட்சியாகக் கூட்டி வந்திருந்தார்.

“ரெண்டு பக்கமும் ஒண்ணொண்ணு குறையுது. நானே எண்ணினேன்லா,” என்றான் லியனார்ட்.

வேலாயுதம் இக்னேஷியஸைப் பார்த்தார். பிறகு லியனார்டைப் பார்த்தார்.

“பட்டை இங்கதாங்க இருக்கு. நாளைக்கு வண்டியக் கொண்டாங்கய்யா, திரும்பப் போட்டுத் தரேன்.”

“அப்ப எடுத்தது நீதான்?”

“நான்தாங்க.”

“ஏன் எடுத்தே?”

வேலாயுதம் தலையைக் குனிந்துகொண்டார்.

“வாயைத் திறந்து சொல்லேன், ஏன் எடுத்தே?”

“தப்புதாங்கய்யா.”

லியனார்ட் சிரித்துவிட்டான். “எவன் லோரிக்கோ எடுத்து வச்சிருக்கான் அண்ணே. நாம எண்ண மாட்டோம்னு நெனச்சுட்டான்.”

பட்டறையிலிருந்து திரும்புகிற வழியில் வாடகைக் கார் ஓட்டுகிற ராதாகிருஷ்ணன் எதிர்ப்பட்டார். அவருடைய காரும் வேலாயுதம் பட்டறையில்தான் ரிப்பேர். “வண்டியை விட்டா பக்கத்துலயே நில்லுங்க,” என்று சொல்லிவிட்டுத்தான் இக்னேஷியஸ் வீட்டுக்கு வந்தார்.

உர்சுலா சாயங்கால ஜெபத்துக்குப் படத்தின் முன்னால் மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தாள். அவர் ஒன்றுவிடாமல் சொன்னார். கடைசியில், “ஆளு அப்படியே கப்சிப்!” என்று கையைத் தட்டினார்.

உர்சுலா தீக்குச்சியை ஊதி அணைத்தாள்.

“கழட்டச் சொன்னது நான்.”

“நீயா?”

“கார் ஓட்டிட்டு வந்த அன்னிக்கெல்லாம் பாயில படுக்க முடியாம முனகுவீங்க. இப்ப கொஞ்ச நாளா முனகல் இருக்கா? போன மாசம் வண்டி பட்டறையில கிடந்தப்ப வேலாயுதம் அண்ணன்கிட்டப் போயி, வண்டி குலுங்காம இருக்க ஏதாவது செய்யுங்கண்ணேன்னு கேட்டேன். பக்கத்துக்கு ஒரு பட்டையை எடுத்தா மெத்துனு போகும், பின்னால மட்டும் ரொம்ப ஆள் ஏத்தக் கூடாதுன்னாரு. நேத்து அத்தனை பேரை ஏத்தாதீங்கன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன். கேட்டீங்களா?”

“எங்கிட்டச் சொல்றதுக்கு என்னவாம்?”

“சொன்னா விடுவீங்களா? ‘நான் என்ன சீக்காளியா’ன்னு அன்னிக்கே திரும்பப் போடச் சொல்லியிருப்பீங்க. இடுப்பு விஷயம் வெளிய தெரிஞ்சா வேலை போயிடும்ணே, யார்கிட்டயும் மூச்சு விடாதீங்கன்னு கையெடுத்துக் கும்பிட்டுட்டு வந்தேன்.”

இக்னேஷியஸ் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார்.

“சரி, எங்கிட்டயாவது உண்மையைச் சொல்லியிருக்கலாமே அந்த ஆளு! ‘ஏன், ஏன்’னு எத்தனை தடவை கேட்டேன்!”

உர்சுலா அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

“யாரைப் பக்கத்துல வச்சுக்கிட்டுக் கேட்டீங்க?”