சிறகு நனையும்

ரூஃபினோ சுரைக்குடுவையில் மாத்தே இலையைத் தட்டிப் போட்டு, கெட்டிலைச் சாய்த்து வெந்நீர் ஊற்றி, உறிஞ்சுகுழலை என் பக்கமாகத் திருப்பி நீட்டினான்.

"இந்த அக்கா வாயில நன்றிங்கற சொல்லே வராது. கெட்டில் காலியாகற வரைக்கும் குடிப்பாங்க," என்றான் தொலைக்காட்சிக்காரியிடம்.

மாத்தே கொடுத்தவனிடம் நன்றி சொன்னால், போதும், இனி உன் கையால் வேண்டாம் என்று பொருள். எத்தனையோ வருடமாக அவன் கையால் குடிக்கிறேன். ஒரு நாளும் சொன்னதில்லை.

தொலைக்காட்சிக்காரி புவெனோஸ் அயர்ஸிலிருந்து வந்திருந்தாள். யாமிலா செத்து வருடம் திரும்பிவிட்டது. இந்த வீட்டின் நாலு வயதுப் பிள்ளை. கொன்றது யாரென்று இன்னும் தெரியவில்லை. மதியத் தூக்க நேரத்தில் முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்தவளை யாரோ வண்டியில் தூக்கிப் போய்விட்டார்கள் என்பதுதான் வீட்டார் சொல்வது. வண்டிச் சத்தத்தைக் கேட்டவன் ரூஃபினோ. அவன் மனைவி டோமிங்கா தூங்கிக்கொண்டிருந்தாள்.

நாடே அதை நம்பவில்லை. பிள்ளையின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் வறண்ட கண்ணோடு உட்கார்ந்திருந்த டோமிங்காவைத் திரும்பத் திரும்பத் திரையில் காட்டி, பெற்றவளே கொன்றவள் என்று முடிவு கட்டிவிட்டார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

"பெத்த பொண்ணு செத்துக் கிடக்கறப்போ உங்களுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர்கூட வரலையா?" என்று இவளும் அதையேதான் கேட்டாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டோமிங்கா வாய் திறக்குமுன் நான் புகுந்தேன்.

"செத்த குழந்தை சம்மனசாயிடும்மா. பெத்தவ அழுதா அதோட சிறகு நனைஞ்சிடும், மேல பறக்க முடியாது. நான் அதுக்கு ஞானத்தாய். காகிதச் சிறகு செஞ்சு கட்டிவிட்டது இந்தக் கைதான். எங்க பக்கம் எந்தத் தாயும் அழமாட்டா. உங்க ஊர்ல கேமராவுக்குத்தான் அழுவாங்க போல."

இதையேதான் போலீஸிடம் சொன்னேன். நீதிபதியிடம் சொன்னேன். சந்தையில் டோமிங்காவைப் பார்த்துக் காறித் துப்பியவர்களிடமும் சொன்னேன். சொல்லிச் சொல்லி நாக்கே தேய்ந்துவிட்டது. இந்த வீடு பொய் சொல்கிறது என்றால் நானும் ஊரெல்லாம் பொய்தான் சொல்லியிருக்கிறேன்.

தொலைக்காட்சிக்காரியின் குரல் இறங்கியது. அழுகையை அடக்குவது கஷ்டமாக இருந்திருக்குமே என்றாள்.

டோமிங்கா விரல்களைப் பிசைந்தாள்.

"முதல்ல அழுதேன். எல்லாரும் தேடிக்கிட்டு இருக்கறப்போ, அதோ அந்த அல்கரோபா மரத்தடியில நின்னு, பேரைச் சொல்லிக் கூப்பிட்டு அழுதேன். இவர்தான் தோளைப் பிடிச்சு, 'அழாத, சிறகு நனைஞ்சிடும்'னாரு. அதோட நிறுத்திட்டேன்."

தொலைக்காட்சிக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பதிவாகிவிட்டதா என்று கேமராக்காரனிடம் சைகையில் கேட்டாள்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நாற்காலியை முன்னே இழுத்தேன். பின்னே தள்ளினேன். ஈ இல்லாத இடத்தில் ஈ ஓட்டினேன்.

அன்றைக்கு அந்த மரத்துக்கு அந்தப் பக்கம் நானும்தான் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தேன். எங்கேயாவது ஆட்டுக்குட்டியோடு விளையாடிக்கொண்டிருப்பாள், கிடைத்ததும் முதுகில் இரண்டு வைக்க வேண்டும் என்று கோபமாக இருந்தேன். கால்வாய்ப் பக்கம் நாய்கள் குரைத்து, உடல் கிடைத்தது மறுநாள்தான். அதுவரை யாமிலா காணாமல் போன பிள்ளை, அவ்வளவுதான்.

காணாமல் போன பிள்ளைக்கு ஏது சிறகு?

"அக்கா," என்றான் ரூஃபினோ. குடுவையை மறுபடி நிரப்பி என் முன்னால் நீட்டிக்கொண்டிருந்தான்.

"நன்றி, ரூஃபினோ," என்றேன்.

டோமிங்கா நிமிர்ந்தாள். அவனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். பிறகு அந்த மரத்தைப் பார்த்தாள்.

ரூஃபினோ கெட்டிலைத் தூக்கி ஆட்டிப் பார்த்தான். பாதிக்கு மேல் தண்ணீர் இருந்தது.