படகு நிறைய அப்பா

அப்பா சிலுவைதாசன் ஆடாமல் அசையாமல் இருக்கும் படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை. எல்லாவற்றிலும் கலங்கலாகவே இருப்பார். இன்றைக்கு விடுவதில்லை என்று ஜெனிட்டா, இருட்டியதும் அவரைக் கரையில் கிடந்த படகில் உட்காரவைத்து, எதிரே முக்காலியில் கேமராவைப் பொருத்தினாள். இருட்டில் ஒரே ஒரு படம் எடுத்தால் ரவையைத் தூவியதுபோல் புள்ளி புள்ளியாக வரும். பல படங்கள் எடுத்துக் கணினியில் ஒன்றாகக் கலந்தால், படத்துக்குப் படம் இடம் மாறும் புள்ளிகள் மறைந்துவிடும்.

"எப்பா, அனங்கப்படாது."

"கல்லு மாதிரி இருக்கேன் மக்ளே" என்றவர், அடுத்த நொடியே கயிற்றை எடுத்து முடிச்சுப் போட்டார். பிறகு எழுந்தார், சாய்ந்தார், தூரத்தில் போன யாருக்கோ கையசைத்தார். அவள் படத்துக்கு மேல் படமாக எடுத்துக்கொண்டே இருந்தாள்.

வீட்டில் கலந்து பார்த்தபோது வானமும் படகும் துடைத்துவைத்தாற்போல் இருந்தன. ஓரிடத்தில் நிற்காத அப்பாவையும் புள்ளி என்றே நினைத்துக் கணினி அழித்துவிட்டிருந்தது. ஜெனிட்டா படங்களை மறுபடி ஒவ்வொன்றாகத் திறந்தாள். அப்புறம் ஏதோ தோன்ற, ஒவ்வொரு படத்திலிருந்தும் அவரை வெட்டியெடுத்து, அவர் இருந்த இடத்திலேயே ஒட்டினாள். படகு நிறைந்துவிட்டது.

சிலுவைதாசன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையருகே குனிந்தார். சிரிப்பார் என்று அவள் காத்திருந்தாள். அவரோ ஒவ்வொரு முகமாக விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே போனார்.

"எல்லாவனும் சும்மால்லா நிக்கியானுவ" என்றார். "அந்தா, கயிறு பிடிச்சிருக்கவன் ஒருத்தன்தான் வேலைக்காரன். அவன நாளைக்கு நம்ம படகுக்கு வரச் சொல்லு மக்ளே."