எல்லாம் மறக்கும் பிரவுசர்

கணவர் பிரதாப் இறந்து ஓராண்டாகியும், அவர் ராஜலட்சுமியின் போனில் தேடிய செருப்புக்கு விளம்பரம் வந்துகொண்டே இருந்தது. பார்க்கப் பொறுக்காமல், கம்பெனித் தோழி நபீலாவிடம் சொல்லி வேறு பிரவுசர் போட்டுக்கொண்டாள்.

“இது யாரையும் வேவு பாக்க விடாதுக்கா. மூடுனா எல்லாத்தையும் மறந்துடும்.”

விளம்பரம் நின்றது. ஆனால் தினமும் காலையில் திறந்தால் ஒரு தேடல் மட்டும் காத்திருந்தது: ‘ஓசூர்ல இன்னிக்கு மழை வருமா’. பிரதாப் இருந்தவரை அதைப் பார்த்துவிட்டுத்தான் அவள் பையில் குடை வைப்பார்.

“கோளாறா இருக்கும். வேற போடட்டுமாக்கா?” என்றாள் நபீலா.

“வேணாம், இருக்கட்டும்.”

அந்த வாரமே குடையை எங்கோ விட்டுவிட்டாள். வீடு வந்ததும், தேடும் கட்டத்தில் ‘குடையத் தொலச்சிட்டேங்க’ என்று அடித்து மூடினாள்.

காலையில் மழையைப் பற்றிய தேடல் இல்லை. ‘தோள்ல மாட்டிக்கிற லேடீஸ் குடை’ என்றிருந்தது.