கலங்கி வந்த நீர்

சிறுநீரகம் கெட்டுப்போன பூதலிங்கம் பிள்ளையின் வயிற்றுக்குள் குழாய் வழியே மருந்து நீரை ஏற்றி இறக்குபவள் மருமகள் ஆவுடைச்செல்விதான். ஒரு நாள் பையில் இறங்கிய நீர் அரிசி களைந்த தண்ணீராய்க் கலங்கி வந்தது. வீட்டு விலக்கோடு குழாயைத் தொட்டுவிட்டாள் என்று பிள்ளை முடிவு கட்டினார்.

"நம்ம குடும்பத்துல இப்படி ஒருத்தி இருந்ததில்ல. அவ அம்மா வீட்டுல கொண்டு விட்டுட்டு வாலே," என்றார் மகனிடம். அவள் அன்றைக்கே புறப்பட்டுப் போனாள்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா கட்டிலருகே வந்தாள்.

"கை பட்டு வந்த கிருமி இல்ல ஐயா. ஒங்க குடல்லதான் ஓட்டை. மலத்துல இருக்கிற கிருமி வயித்துல எறங்கியிருக்கு. முன்னமே வலிச்சிருக்குமே, ஏன் சொல்லல?"

வலித்தது. நாலு பேர் முன்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிவதா என்று நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தார்.

மகன் தன் மனைவியின் எண்ணை அழுத்திப் போனை நீட்டினான். "இத நீங்களே அவகிட்ட சொல்லுங்கப்பா."

மறுமுனையில் மணி அடித்தது. போனை வாங்க நீட்டிய தன் கையையே பிள்ளை வெறித்துப் பார்த்தார்.

"கொஞ்சம் தண்ணி ஊத்து," என்றார். "கையக் கழுவிட்டு வாங்கிக்கிடுதேன்."