நான்கு கிலோ ட்ரவுட்

போன வருடம் கிளப்பின் மீன்பிடி நாளில் சிவநேசன் பிடித்த நான்கு கிலோ ட்ரவுட் மீன்தான் இன்றும் சாதனை. அந்த மீனோடு அவர் மல்லுக்கட்டிய நேரத்தில்தான், கூட வந்த நார்பர்ட் படகிலிருந்து விழுந்து செத்தார். இந்த வருடம் சிவநேசனோடு படகேற யாரும் முன்வரவில்லை. நார்பர்ட்டின் மனைவி பிலோமினா மட்டும், "நான் போறேன்" என்றாள்.

நடு ஏரியில், இரையாக மாட்டிய, இறகால் செய்த பொய் ஈயை ஒரு மீன் கவ்வியது. தூண்டில் வில்லாக வளைந்தது.

"பெருசாண்ணே?"

"ரொம்பப் பெருசும்மா. வலைய எடு."

அவள் வலையை எடுக்கவில்லை. லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றி மடித்து வைத்தாள். "அவரு மாதிரிதான், எனக்கும் நீச்சல் தெரியாதுண்ணே" என்றபடி படகின் விளிம்பில் ஏறி உட்கார்ந்து, இரண்டு கால்களையும் தண்ணீருக்குள் விட்டாள்.

"உள்ள வாம்மா!" என்று சிவநேசன் அலறினார். அவருடைய கை நூலைச் சுற்றுவதை நிறுத்தவில்லை.