மளை

“எந்திரி. இதைச் சத்தமா படி.”

கரும்பலகையில் இரண்டே எழுத்துதான் எழுதியிருந்தேன். மழை.

வெளியே நிஜமாகவே பெய்துகொண்டிருந்தது.

கடைசி பெஞ்சில் புது மாணவி எழுந்தாள். பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, அவசரமே இல்லாமல்.

அவளைக் கடைசி பெஞ்சில் உட்காரவைத்தது நான்தான்.

தாழ்வாரத்தில், ‘இந்தப் பருவத்தில் நாங்கள் கற்பவை’ என்று ஒரு அட்டை தொங்குகிறது. மூன்றாம் வகுப்புக்காரர்கள் ஈரப்பஞ்சில் அவரை விதை முளைக்கவைக்கிறார்கள். இரண்டாம் வகுப்பு மணி பார்க்கப் பழகுகிறது. என்னுடைய ஒன்றாம் வகுப்பு ல, ள, ழ-வுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

இருபத்தெட்டு வருடங்களுக்கு முன்பு, இதே அறையில், இதே எழுத்துக்குத்தான் என் நாக்கு மடங்கவில்லை.

பெரிய டீச்சர் என்னை எழுப்பிப் படிக்கச் சொன்னார். மளை என்றேன். மறுபடி சொல் என்றார். மளை.

“வாயில வரலேன்னா தலையில விழட்டும்.”

கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போனார். கூரைத் தண்ணீர் கொட்டும் குழாய்க்குக் கீழே நிறுத்தினார். சரியாகச் சொன்னால்தான் உள்ளே வரலாம் என்பது சட்டம்.

மணியடிக்கும்வரை நின்றேன். ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே முகங்கள் சிரித்தன.

காய்ச்சல் மூன்று நாளில் விட்டது. பெயர் விடவில்லை. பள்ளி முடியும்வரை நான் மளைதான். என் அண்ணன் இன்றைக்கும் போனில் ‘என்னடி மளை’ என்றுதான் ஆரம்பிப்பான். என் கல்யாணத்தன்று, இனிமேல் ஒரு குடையோடு நடமாடும்படி மாப்பிள்ளைக்கு யோசனை சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சிரிப்புக்கு அடியில் இருந்ததைக் கடவுளிடம் மட்டும் சொல்லிவைத்தேன். தினமும் கண்ணை மூடி எல்லோருக்கும் நல்லது கேட்டு முடித்த பிறகு, மிச்சமாக ஒன்று கேட்பேன்.

எனக்கு ஒரே ஒரு மழைநாள் கொடு.

இரண்டு வாரத்துக்கு முன்பு அவள் வகுப்பு வாசலில் வந்து நின்றாள். பதிவேட்டில் பெயர் பார்க்க வேண்டியிருக்கவில்லை. அந்த நீண்ட மோவாய் போதும். அந்தப் புருவம் போதும். என்னை யாரோ போலப் பார்த்துவிட்டு உள்ளே வந்தாள்.

இரண்டு வாரமும் நான் ஒன்றும் செய்யவில்லை. பாடம் ழ-வுக்கு வர வேண்டும். மழையும் வர வேண்டும்.

இன்றைக்கு இரண்டும் வந்திருந்தன.

அவள் பலகையைப் பார்த்தாள். உதடு ஒருபக்கமாக இழுத்தது.

மளை.

மறுபடி சொல் என்றேன்.

மளை.

வகுப்பு சிரித்தது. அந்தச் சிரிப்பு எனக்கு இனித்தது, அதை மறைத்துப் பயனில்லை. அடுத்து நான் சொல்ல வேண்டிய வரி இருபத்தெட்டு வருடமாக எனக்குள் ஊறிக்கொண்டிருந்தது. வாயைத் திறந்தேன்.

அதற்குள் பக்கத்து இடத்திலிருந்த பொக்கைவாய், போன மாதம் முன்பல் இரண்டையும் பறிகொடுத்த சிறுமி, அவள் கையைத் தொட்டாள்.

“எனக்குந்தான் வரல. ரெண்டு பல்லு விழுந்துடுச்சுல்ல. உங்களுக்கு எல்லாமே விழுந்துடுச்சே, எப்படி வரும்? முளைச்சதும் வந்துடும். அழாதீங்க.”

அப்போதுதான் அவள் அழுவதைக் கவனித்தேன்.

அந்த வரியை நான் இன்னும் சொல்லவில்லை. அவள் குனிந்து, பெஞ்சுக்கு அடியிலிருந்து கைத்தடியை எடுத்தாள்.

எழுபத்தாறு வயது. பக்கவாதம் பாதி உடம்பையும் முக்கால்வாசிப் பேச்சையும் கொண்டுபோயிருந்தது. பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் பழகட்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தினமும் மகள் கொண்டுவந்து விட்டுப்போவாள்.

தடியை ஊன்றி என்னைக் கடந்தபோது ஒரு கணம் நின்று என் முகத்தைப் பார்த்தாள். புருவம் உயரவில்லை. தலைதான் தாழ்ந்தது.

பிறகு வாசற்படியில் ஒவ்வொரு காலாக இறங்கி, முற்றத்தில் நேராக நடந்து, கூரைத் தண்ணீர் கொட்டும் குழாய்க்குக் கீழே போய் நின்றாள்.

நிற்க எத்தனையோ இடம் இருந்தது. அந்த இடத்தை இத்தனை வருடம் கழித்தும் நினைவில் வைத்திருப்பவர்களில் ஒருத்தி நான். இன்னொருவர், என் கையைப் பிடித்து அங்கே நிறுத்தியவர்.

பிள்ளைகள் ஜன்னலுக்கு ஓடினார்கள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

கேட்டது கேட்டபடியே கிடைத்துவிட்டது. ஒரு நிமிடம்கூட என்னால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

குடையை எடுத்துக்கொண்டு ஓடினேன். நரைத்த தலையிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அவர் வாய் இன்னும் முயன்றுகொண்டே இருந்தது. சரியாகச் சொல்லாமல் உள்ளே வரக்கூடாது. தான் போட்ட சட்டத்தை அவர் மறக்கவில்லை.

குடையை அவர் பக்கமாகச் சாய்த்துப் பிடித்தேன். குழாய்த் தண்ணீர் என் தலையில் விழுந்தது.

“மளை பெய்யுது டீச்சர். உள்ள வாங்க.”