அடுத்த பொன்னாடை

ஓய்வு பெறும் கணிதப் பேராசிரியர் பூவராகனுக்குப் பொன்னாடை போர்த்தும் வரிசை, மேடையிலிருந்து இறங்கி மண்டப வாசலையும் தாண்டிப் போயிருந்தது. அவரோ சர்க்கரை நோயாளி. சிறுநீரை அடக்கிக்கொண்டு, கால்மேல் கால் மாற்றிப் போட்டபடி எல்லோருக்கும் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார். போர்த்திய கையோடு உருவப்பட்ட பொன்னாடைகள் பின்வழியாக வாசலுக்குப் போய், அடுத்தவர் கையில் ஏறின. சாம்பார்க் கறை படிந்த ஒன்று மறுபடியும் தோளுக்கு வந்தபோதுதான் அவருக்கு விஷயம் பிடிபட்டது. போர்த்தியவர்களும், போட்டோ சரியாக விழவில்லை என்று திரும்ப வரிசைக்கே போனார்கள்.

"இன்னும் எத்தனை பேருப்பா?" என்றார், மைக் பிடித்து நின்ற பழைய மாணவன் செல்வமணியிடம்.

"எண்ணிக்கிட்டேதான் சார் இருக்கேன். ஒருத்தர் விடாம நம்பர் குடுத்திருக்கு."

"நம்பர் குடுத்தா முடிஞ்சிரும்னு யாருப்பா சொன்னது? ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணிக்கிட்டே போகலாம். கடைசின்னு ஒண்ணு இருக்காது. வருஷா வருஷம் இதைத்தானே நடத்தினேன்."

"அது சிலபஸ்ல இருந்துச்சு சார்" என்றான் செல்வமணி, மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு. "சிரிங்க, எம்.எல்.ஏ. வர்றாரு."

பூவராகன் எழுந்து கழிப்பறைக்கு ஓடினார். நிம்மதியாகத் திரும்பி வந்தபோதும் வரிசை நகர்ந்துகொண்டுதான் இருந்தது. காலி நாற்காலிக்குப் போர்த்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மேடைப் படியில் கால் வைத்த பூவராகனின் கையில் யாரோ அந்தச் சாம்பார்க் கறைப் பொன்னாடையைத் திணித்தார்கள்.

"பெரியவரே, வரிசைல வாங்க."

அதைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கிய பூவராகன், வரிசையின் கடைசி ஆளைத் தேடி நடக்கத் தொடங்கினார்.